நான் வேண்டாம் என்று சொன்ன ஒரு கரண்டிச் சோறு

என்னைக் கிரேனிலிருந்து இறக்கியது நிர்வாகம் என்று எங்கள் சங்கச் செயலாளர் இன்றும் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருக்கிறார். பொய். இறக்கியவர் அவர்தான்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினேன். ஏணியேறிக் கூண்டில் உட்கார்ந்துவிட்டால் மேனேஜர்கூட அண்ணாந்து பார்த்துத்தான் என்னிடம் பேச வேண்டும். அதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் கூண்டிலேயே தலை சுற்றியது. கம்பெனி டாக்டர் சோதித்துவிட்டுச் சர்க்கரை என்றார். பொங்கலுக்குள் குறையாவிட்டால் கிரேனுக்குத் தகுதிச் சீட்டு கிடையாது, கீழே குடோன் வேலைதான் என்றும் சொல்லிவிட்டார்.

பயத்தில் அன்றைக்கே சோற்றை விட்டேன். காலையில் பாகற்காய்ச் சாறு, மதியம் கேழ்வரகுக் களி, இரவு வெறும் மோர். அந்த வாரம் முடிவதற்குள் ரயிலடிக் கடையில் உட்கார்ந்து பரோட்டா தின்றேன். கடைக்காரரே போதும் என்று சொல்லும்வரை தின்றேன்.

டாக்டரிடம் சொன்னால் சிரிக்கிறார். "ஒரே நாள்ல சாமியாரா ஆவாதய்யா. மதியச் சோத்துல ஒரு கரண்டி கொறை. அது பழகட்டும். அப்பறம் டீக்குச் சக்கரையை நிறுத்து. நிக்கிற மாதிரி செய்."

சரியான யோசனை. ஆனால் எங்கள் கேன்டீனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அங்கே சோற்றுக்கு அளவு கிடையாது, தட்டை நீட்டினால் குவிப்பார்கள். சோறு வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: போராட்டம். எந்தக் கோரிக்கைக்கும் சங்கம் முதலில் தொடாமல் விடுவது கேன்டீன் சோற்றைத்தான்.

மறுநாள் ஒரு கரண்டி விழுந்ததும் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தேன். பரிமாறுகிறவர் பதறிப்போனார்.

"இன்னா நைனா, சோத்துல பூச்சி கீச்சி கீதா?"

"இல்லபா. டாக்டரு கம்மியாத் துன்னச் சொன்னாரு."

பின்னால் நின்ற வெல்டர் கத்தினார். "எந்த டாக்டரு? கம்பெனி டாக்டரா? அப்டிப் போடு! சோத்துல கை வெக்கிறானுங்கப்பா!"

அவ்வளவுதான். வரிசையில் இருந்த தட்டுகள் எல்லாம் பின்னால் போய்விட்டன. செயலாளர் ஓடிவந்து பெஞ்சு மேல் ஏறினார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"தலைவரே, எனக்குச் சக்கரை. அதுக்குத்தான் வேணாம்னேன்."

அவர் குனிந்து என் காதில் சொன்னார். "கம்முனு இரு. கேன்டீன்ல முட்டை கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. இப்பத்தான் ஆளுங்க சூடாயிக்கினு வர்றானுங்க. பேஜாரு பண்ணாத."

அந்த வாரம் முழுக்க யாரும் சோறு தொடவில்லை. நானும் பட்டினி. கேட்டில் கூட்டம் போட்டு எனக்கு மாலை போட்டார்கள். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்தது. தினமும் முட்டை, சனிக்கிழமை சர்க்கரைப் பொங்கல்.

வெற்றி நாளில் செயலாளரே கரண்டியைப் பிடித்தார். என் தட்டில் பொங்கலைக் குவித்து, "வாங்கிக் குடுத்த மனுசன் மொதல்ல துன்னட்டும்!" என்றார். ஒரு வாய் தின்றுவிட்டுப் போதும் என்று கையை எடுத்தேன். வரிசையே ஓர் அடி பின்வாங்கியது. "மறுபடியுமா?" என்றார் வெல்டர், ஆசையாக. வேறு வழியில்லாமல் தின்றேன்.

அதற்குப் பிறகு என் தட்டைப் பார்த்துத்தான் தொழிற்சாலையே நடந்தது. நான் மிச்சம் வைத்தால் வேலை நின்றுவிடும் என்று மேனேஜருக்குப் பயம். மதியம் என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சுவார். முன்பு அண்ணாந்து பேசிய மனிதர் இப்போது என் சாம்பாருக்குக் காவல் நின்றார்.

பொங்கல் பண்டிகைக்கு முன் மறுசோதனை. சர்க்கரை குறைந்திருந்தால், சிறுநீர் விட்ட சோதனைக் குழாயில் மருந்து நீலமாகவே நின்றிருக்க வேண்டும். செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. டாக்டர் தகுதிச் சீட்டில் குறுக்கே கோடு போட்டார். என் கூண்டில் வேறொருவன் ஏறினான்.

குடோனில் நான் என்ன தின்கிறேன் என்று யாரும் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து டப்பாவில் கொஞ்சம் சோறு, நிறையக் கீரை. அது பழகிய பிறகு டீக்குச் சர்க்கரையை நிறுத்தினேன். அதுவும் பழகிய பிறகு பரோட்டாவை மாதம் ஒருமுறை ஆக்கினேன். சர்க்கரை இறங்கியது, இன்றுவரை ஏறவில்லை. கிரேனைத்தான் திருப்பித் தரவில்லை.

போராடியதற்காக என்னை நிர்வாகம் பழிவாங்கியது என்று பேசிப் பேசியே நீங்கள் மூன்று சங்கத் தேர்தல் ஜெயித்துவிட்டீர்கள், செயலாளரே. பொதுக்குழுவில் மறுபடி மைக்கைப் பிடிப்பீர்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எல்லார் காதிலும் விழும்படி அந்த மைக்கிலேயே சொல்லுங்கள்: நீங்கள் பெஞ்சு மேல் நின்றபோது, எனக்குச் சர்க்கரை என்று நான் உங்களிடம் சொன்னேனா, இல்லையா?