ஒயர் இல்லாமல் எரிந்த டியூப்லைட்டுகள்

லைன்மேன் வேலையில் ரிட்டயர் ஆகும் வரை, டியூப்லைட் எரியவில்லை என்றுதான் எனக்குப் புகார் வரும். எரிகிறது என்று புகார் வந்தது செலியமேடு கிராமத்தில் மட்டும்தான்.

தெருவிளக்கெல்லாம் எல்.இ.டி.க்கு மாறிய சமயம் அது. கழற்றிப் போட்ட பழைய டியூப்களை தனலட்சுமி என்ற அம்மா எடுத்துப்போய், வெள்ளையாகத் தெரிந்தால் பன்றி மிரண்டு ஓடும் என்று தன் குத்தகை நிலத்து வரப்பில் நட்டு வைத்திருந்தார். பொழுது சாய்ந்தால் அவை எரிகின்றன, கொக்கி போட்டுக் கரண்ட் திருடுகிறார் என்று பக்கத்து நிலத்துக்காரர் போன் போட்டுவிட்டார்.

எங்கள் ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ., சின்ன வயசு, அவசரக்காரர். இருட்டு கட்டும் நேரத்துக்குப் போய் இறங்கினோம். உண்மைதான், வரப்பு நெடுக மங்கலாக எரிந்துகொண்டிருந்தன.

"மோட்டார் ஃபியூஸைப் புடுங்குங்கண்ணா," என்றார்.

பிடுங்கினேன். மோட்டார் நின்றது, தண்ணீர் நின்றது. டியூப் மட்டும் அணையவில்லை.

மண்வெட்டியால் வரப்பைக் கொத்திப் பார்த்தேன், ஒயர் இல்லை. டியூப் முனையில் ஃபிலமென்ட் அறுந்து கறுத்திருந்தது. அப்படியானால் எப்படி எரியும்? ஒன்றை உருவினேன். என் கையிலேயே எரிந்தது!

"கதிரு பால் புடிக்கிற நேரம் சார்," என்று அழுதார் தனலட்சுமி. "தண்ணி நின்னா அத்தினியும் பதராப் பூடும். நான் ஒயரே இழுக்கல."

"அப்ப இது இன்னாம்மா, பல்ல இளிச்சிக்கினு எரியுதே?" என்றார் ஜே.இ.

"எனக்கு இன்னா தெரியும் சார்? ஃபியூஸ் போன டியூப்னுதான் எடுத்தாந்தன்."

ஆதாரத்துக்கு ஒரு டியூபை ஜீப்பில் வைக்கச் சொன்னார் ஜே.இ. எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன். பாதி வழியில் அணைந்துவிட்டது.

"இன்னாண்ணா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார்."

திரும்பி வந்தேன், எரிந்தது. போனேன், அணைந்தது. பைத்தியக்காரன் மாதிரி போவதும் வருவதுமாக இருந்தேன். அப்போதுதான் ஜே.இ. நிமிர்ந்து பார்த்தார். நிலத்துக்கு நேர் மேலே டவர் லைன், உயர் அழுத்த மின்கம்பிகள், இரைந்துகொண்டிருந்தது.

"ஃபிலமென்ட்தாண்ணா போச்சு, உள்ள அடைச்ச கேஸ், அந்த வாயு, அப்படியே இருக்குது," என்றார், குரல் இறங்கி. "இந்த ஹெச்.டி. லைனைச் சுத்தி இருக்கற மின்புலம், ஃபீல்டு, அந்த கேஸைக் கிளப்பி வுடுது. அதுல இருக்கற பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத ஒளிய வுடும். கண்ணாடில தடவுன வெள்ளைப் பவுடரு அத்த வெளிச்சமா மாத்தும். வூட்டு டியூப்பும் இப்படித்தான். அங்க ஒயர் வழியா கிளப்பறோம், அவ்ளோதான்."

"அப்ப நான் திருடலதான சார்?" என்று கேட்டார் தனலட்சுமி.

ஜே.இ. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "டியூப்பெல்லாம் எடுத்துடும்மா, ஒடஞ்சா வெஷம்," என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருக்கலாம். ஃபியூஸை மாட்டினேன், மோட்டார் எடுத்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வரை அந்த அம்மா அசையவே இல்லை.

அந்த வாயு விஷயம் எனக்கு இன்றும் பாதிதான் புரிகிறது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவரின் ஃபியூஸைப் பிடுங்கும் முன் தலைக்கு மேலே ஒரு தடவை பாருங்கள். திருட்டுக் கரண்டைத் தேடி வரப்பெல்லாம் கொத்தினேன். டியூப்பை எரியவைத்த அந்த லைன் எங்களுடையது.