யாருக்கும் சொந்தமில்லாத பெட்டி

ரீத்தாவுக்குத் தெப்ராவில் ஓர் அலுவலகத்தில் வேலை. கட்டடக்காரர், குழாய்க்காரர், மின்சாரக்காரர் என்று ஆளுக்கொரு பக்கம் வரைந்து அனுப்பும் படங்களைக் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவாள். எது எதில் முட்டுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். குழாய் ஒன்று உத்திரத்தில் இடித்தால் போதும், சம்பந்தப்பட்ட இருவரையும் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்துவிடுவாள். அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் படத்தை ஒழுங்காகப் போட்டார்கள்.

ஆற்றங்கரை ஊரான கோத்தா திங்கியில் டயாலிசிஸ் நிலையம் கட்டப் போகிறார்கள் என்றதும் அந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். காரணம் அந்த ஊரிலேயே இருக்கும் தம்பி லூயிஸ். முப்பத்தொன்பது வயதிலேயே அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். முந்திய வெள்ளத்தில் அங்கிருந்த பழைய நிலையம் மூழ்கியது. ஐந்து நாள் சிகிச்சை இல்லாமல் உடம்பு வீங்கி, மூச்சுத் திணறி, பிழைத்தது மறுபிழைப்பு. இதை அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

வேலை தொடங்கியதும் படத்தில் எல்லாவற்றையும் மேலே ஏற்றினாள். இயந்திரங்கள், தண்ணீர்த் தொட்டி, பம்ப் எல்லாம் முதல் மாடியில். ஜெனரேட்டர் மொட்டை மாடியில். வெள்ளம் கீழே வந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று நிம்மதியாக இருந்தாள்.

கட்டி முடித்துச் சாவி கொடுக்க ஒரு வாரம் இருந்தது. வயர்மேன் கமலநாதனுக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்தால் படத்தைப் பார்க்க மாட்டார். இயந்திரத்திலிருந்து வயரைக் கையால் தொட்டுக்கொண்டே அது தொடங்கும் இடம்வரை நடப்பார். சைட்டில் எல்லாரும் கிண்டலடிப்பார்கள், ரீத்தாவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அன்று பம்ப் வயரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியவர் வரவேற்பறைக்குப் பின்னால் நின்று அவளைக் கூப்பிட்டார்.

"பம்ப் மேலதான் இருக்கு ரீத்தா. அத ஓட்டுற சுவிட்ச் பெட்டி இங்க, என் முட்டி உயரத்துல இருக்கு. தண்ணி வந்தா மொதல்ல போறது இதுதான் லா."

ரீத்தா படங்களைப் புரட்டினாள். பெட்டி குழாய்க்காரருடையது என்று மின்சாரப் படம் சொன்னது, வயர்மேனுடையது என்று குழாய்ப் படம் சொன்னது, இருவருமே அதை வரையவில்லை. அதனால் அவள் திரையில் அது எதிலும் முட்டவில்லை. முட்டாத ஒன்றைத் தேட அவளுக்குத் தோன்றவே இல்லை. பெட்டி நனைந்தால் ஜெனரேட்டர் என்னதான் உறுமினாலும் இயந்திரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது.

பெட்டியை மாற்ற மூன்று வாரம் ஆகும். திறப்பு விழா அழைப்பிதழோ அச்சாகிவிட்டது. முதலில் திறப்போம், பிறகு மாற்றலாம், பெட்டியை மாட்டிய வயர்மேன்மேல் தப்பை எழுதிவிடு என்றார் மேலாளர். குழாய்க்காரர் காட்டிய இடத்தில்தான் பாவம் கமலநாதன் மாட்டியிருந்தார்.

ரீத்தா கூட்டத்தில் எழுந்தாள். "அது எங்க இருக்கணும்னு கேக்க வேண்டியது நான். நான் கேக்கல. பெட்டி மேல போற வரைக்கும் சாவி கொடுக்கக் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். விழா தள்ளிப் போனது, பெட்டி முதல் மாடிக்குப் போனது.

ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், புதிய நிலையத்தில் லூயிஸும் இன்னும் பத்துப் பேரும் இயந்திரத்தில் இருந்தபோது ஆறு கரையை மீறியது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடித்தது. தெப்ராவில் செய்தி கேட்ட ரீத்தா தம்பிக்குப் போன் மேல் போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. மூன்று மணிக்கு அவனே கூப்பிட்டான். கீழே வரவேற்பு மேசை மிதக்கிறதாம், தனக்கு நாலு மணி நேரமும் முழுசாக முடிந்துவிட்டதாம், பொம்பா தீயணைப்புக்காரர்கள் படகு கொண்டுவருகிறார்களாம்.

போனை வைத்த கையோடு கமலநாதனை அழைத்தாள். தம்பியைப் பற்றி, அந்த ஐந்து நாளைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டினாள். "இன்னிக்கு என் தம்பி உயிரோட இருக்கான்னா அது உங்களாலதான் அண்ணே" என்றாள்.



"தம்பி அங்க இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லலயேம்மா" என்றார் கமலநாதன். பிறகு மெதுவாக, "மத்தவங்க?"

தம்பி பிழைத்த சந்தோஷத்தில் அதை அவள் கேட்கவே இல்லை. லூயிஸை மறுபடி அழைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பவும் கூப்பிட்டாள்.

"பதினோரு பேருக்கும் சிகிச்சை முழுசா முடிஞ்சிருச்சு அண்ணே."

"அப்ப சரி" என்றார். இருவருமே போனை வைக்கவில்லை.