அசல் ரசீது

கூரியர்காரரின் பைக்குள் போன உறையை அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள். அதிலிருந்தது கப்பல் ரசீதின் அசல். அது யார் கையில் இருக்கிறதோ அவர் துறைமுகத்தில் சரக்கை எடுத்துப் போகலாம். சரக்கு, ஐம்பது பேர் நான்கு மாதம் தைத்த ஒரு கன்டெய்னர் செருப்பு.

"வங்கி வழியா வேண்டாம், இந்தப் புது முகவரிக்கு நேரா அனுப்புங்கன்னு சரக்கு வாங்குறவங்களே மெயில் போட்டிருக்காங்க. நீ எதுக்கு நடுவுல?" என்றார் முதலாளி. அவளுடைய அக்கா வீட்டுக்காரர்.

"நாளைக்கு என் பேர்ல ஒரு மெயில் வந்தா கம்பெனிய எழுதிக் குடுத்துடுவீங்களா மாமா?"

"உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்."

மெயிலில் இருந்த எண்ணை அவள் தொடவில்லை. பதினெட்டு வருடமாக ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்ப்பவள். அந்த வாங்குபவர் தந்த முதல் ஆர்டரின் கோப்பை எடுத்து, அதில் இருந்த எண்ணைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் இருந்தவர், தாங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை என்றார்.

முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அக்காகிட்ட சொல்லாத."

"சொன்னா உங்களுக்குச் சோறு கிடைக்காது. தெரியும்."

மறுநாள் பத்து மணிக்கு அவளே வங்கிக்குப் போய் உறையைக் கொடுத்தாள். வாங்குபவர் பணம் கட்டிய பிறகுதான் வங்கி ரசீதை அவரிடம் தரும். அலுவலகத்துக்குத் திரும்பி அடுத்த சரக்குக்கான பெட்டிகளில் ஒட்டும் சீட்டுகளை அச்சடித்தாள். மதியம் மழை பெய்தது.