சித்தி மகன் ஆனேன்

எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அங்கே பரீட்சை கிடையாது. உள்ளே வேலை பார்க்கும் ஒருவர், "இது என் ஆள்" என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் பாதியில் ஓடிவிட்டால், சொன்னவர் பேச்சை அதற்குப் பிறகு கேட்க மாட்டார்கள்.

"உள்ள யாருலே உனக்கு?" என்றார் சூப்பர்வைசர். எனக்கு அங்கே யாரையும் தெரியாது.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்த ஓர் அக்கா நின்றார். "என் ஆளுதான் சார். சித்தி மகன்."

"பேரு?"

அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அசரவில்லை. "வீட்ல அப்புன்னுதான் சார் கூப்பிடுவோம்."

கேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்துக்கொண்டே, "ஓடிப்போனான்னா உன்னையத்தான் கேப்பேன்" என்று என்னை உள்ளே விட்டார்.

"ஏங்க்கா சொன்னீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"நேத்தும் இங்கனதான் நின்ன. வேலை வேணாங்கிறவன் இம்புட்டு நேரம் வெயில்ல காயுவானா? என் மக பன்னெண்டாவது முடிக்கப்போறா. அவளுக்கும் இங்கதான் கேக்கணும். பாத்து நடந்துக்க."

சில மாதங்களில் பஞ்சுத் தூசி தொண்டையை அடைத்தது. பையோடு திண்டுக்கல் வந்து வத்தலக்குண்டு பஸ்ஸில் உட்கார்ந்தும் விட்டேன். மில் கேட்டில் அக்காவின் மகள், அம்மா சொல்லும் எடுபடாமல் நிற்பதுபோல் தோன்றியது. இறங்கிவிட்டேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகே, அக்காவிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டேன். அதுவரை எந்த ஊரிலும் நான் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை.