தண்ணீரிலிருந்து வந்தவள்

சாரல் பெய்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, தென்காசி வீட்டில் அந்தப் பழைய ஜப்பானியப் பேய்ப் படத்தை மறுபடி பார்த்தேன். குளத்திலிருந்து ஒரு சிறுமி ஈரக் கூந்தலோடு எழுந்து வந்தாள். அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டதுமே எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அன்று வாடகை சிடியில் பார்த்தபோது அண்ணனும் நானும் ஒரே போர்வைக்குள் ஒடுங்கியிருந்தோம். அடுக்களையிலிருந்து வறுத்த மல்லி வாசனையோடு அம்மா வந்து நின்றாள். அவள் பயப்படவில்லை, அழுதாள்.

"தண்ணியில போன புள்ளைய ஒருத்தரும் தேடலையேட்டி."

அப்பா டிவியை அணைத்தார். பிறகு எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார்: "உங்க அம்மைக்கு ஒரு தங்கச்சி இருந்தா. குத்தாலத்துல வெள்ளம் இழுத்துட்டுப் போயிட்டு. கெடைக்கவே இல்ல. அவகிட்ட ஒண்ணும் கேக்கப்படாது."

நாங்கள் கேட்டதே இல்லை.

இப்போது அப்பா இல்லை. அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து படத்தை முழுவதும் பார்த்தாள். கடைசியில் அந்தச் சிறுமியின் எலும்புகளைக் கண்டெடுத்து எரித்தார்கள்.

"சித்தி பேரு என்னம்மா?" என்றேன்.

அம்மா திரையிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"செண்பகம்," என்றாள். பிறகு நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். "ஒன்ன மாதிரிதான் சிரிப்பா."