மதினியின் இரண்டாவது வேண்டுதல்

போன ஞாயிற்றுக்கிழமை நான் தூது போனேன். நம்ப மாட்டீர்கள் — என் வீட்டில் டி.வி. ரிமோட்டைக் கேட்டு வாங்கக்கூட எனக்குச் சாமர்த்தியம் கிடையாது!

கம்பத்திலிருந்து மதினி போன் செய்தார். என் அண்ணன் மனைவி. "தம்பி, கவிதாகிட்ட நீங்க பேசணும். பத்திரிகையில எல்லாம் எழுதுறீக... நீங்க சொன்னா கேப்பா."

கவிதா, மதினியின் மருமகள். தலைப்பிரசவம் முடிந்து, பெண் குழந்தையோடு வடுகபட்டியில் தாய் வீட்டில் இருக்கிறாள். பிரசவமான கையோடு ஆஸ்பத்திரியிலேயே கருத்தடைக்குக் காப்பர்-டி வைத்துக்கொண்டாளாம். மதினிக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அவரோ வீரபாண்டி கௌமாரியம்மனிடம், 'அடுத்த திருவிழாவுக்குள்ள ஒரு பேரனைக் குடு ஆத்தா, தீச்சட்டி எடுக்கேன்' என்று வேண்டியிருக்கிறார். சாமிக்கே டெலிவரி தேதி குறித்துக் கொடுத்த பிறகு மருமகள் இப்படிச் செய்தால்?

"அதை எடுத்துரச் சொல்லணும்" — இதுதான் என் தூது.

மதினியும் நானும் வடுகபட்டிக்குப் போனோம். வீடெல்லாம் பூண்டு வாசம். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமி, "இயற்கை என்பது..." என்று ஆரம்பித்தேன்.

"சின்ன மாமா, காபி ஆறுது" என்றாள் கவிதா. என் உரை முடிந்தது.

மதினியே இறங்கினார். "ஏன்த்தா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"உங்க மகன்கிட்ட பேசித்தான் வச்சேன் அத்தை. ரத்தம் ரொம்பப் போயிருக்கு, உடம்பு தேறணும், அடுத்ததுக்கு மூணு வருசமாவது இடைவெளி விடுன்னு டாக்டரம்மா சொன்னாக. வேணுங்கிறப்ப எடுத்துக்கலாமாம்."

"ஆத்தாகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

கவிதா குழந்தையைத் தோள் மாற்றினாள். "எனக்கு ரத்தம் ஏத்துனப்ப வராந்தாவுல நின்னு அழுதீகளாமே அத்தை... அப்ப என்ன வேண்டுனீக?"

"உன் உசுரத்தான்டி கேட்டேன். காப்பாத்திக் குடு, சட்டி எடுக்கேன்னேன்."

"எடுத்துட்டீகளா?"

மதினி குழந்தையின் துணியைச் சரிசெய்தார். அந்தச் சட்டி இன்னும் பாக்கி.

நம்மில் எத்தனை பேர் இப்படி? கேட்டது கிடைத்த சூட்டிலேயே அடுத்த விண்ணப்பம்... கிடைத்ததை நின்று பார்க்க நேரம் ஏது?

"ஆத்தா குடுத்த உசுரு. அதை நான் பத்திரமா வச்சுக்கிறேன் அத்தை. சித்திரையில நீங்க சட்டி எடுங்க. புள்ளையத் தூக்கிட்டு நான் கூட வாரேன்."

குரல் ஒரு இம்மி உயரவில்லை. மாமியாரின் கோபத்தை எதிர்க்க, அதே மாமியாரின் பாசத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். மனதுக்குள் கை தட்டினேன். வெளியே தட்ட தைரியம் வேண்டாமா?

திரும்பும்போது பஸ் தேனியைத் தாண்டியது. மதினி, "வாய்க்காரி" என்றார்.

"ஆமா மதினி."

"நல்ல வாய்..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் வரிசையா நாலு பெத்தேன். வேணுமான்னு ஒருத்தரும் கேக்கல தம்பி."

என் அண்ணன் வாரம் தவறாமல் இந்தப் பத்தியைப் படிப்பவர். இந்த வாரமும் படிக்கட்டும்.