மச்சானின் குரல் வரும் வரை

என் பெண்டாட்டி பயந்து நான் பார்த்ததில்லை. தையல் தொழிற்சாலையில் அவள் கட்டிங் மாஸ்டர். எண்பது அடுக்குத் துணியை ஒன்றாகப் போட்டு, ஓடுகிற கத்திக்கு நேரே தள்ளுவாள். கத்திக்கும் விரலுக்கும் நடுவே ஓர் இரும்பு வலைக் கையுறை, அவ்வளவுதான். "பயந்தா கை நடுங்கும், நடுங்குனா விரல் போயிடும். அதனால நான் பயப்படறதில்ல" என்பாள். நான் அதே இடத்தில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவன். என் வேலையில் மிஞ்சிப்போனால் விரலில் டேப் ஒட்டிக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பாட்டு மேஜைமேல் படுக்கவைத்த பழைய கம்ப்யூட்டர் முன்னால் நின்று நடுங்கினாள்.

கம்ப்யூட்டர் அவள் தம்பியுடையது. அவன் எங்களோடுதான் இருக்கிறான். நரம்பு நோய். முதலில் கால் போனது, பிறகு கை, கடைசியில் பேச்சு. இப்போது வலது கையில் இரண்டு விரல் அசையும், கண்ணிமை அசையும். இமையை ஒரு தரம் மூடினால் ஆமாம், இரண்டு தரம் மூடினால் இல்லை. பேச்சு போவதற்கு முன்பே அவனுடைய சிநேகிதன் ஒருவன், அவன் குரலில் ஆயிரக்கணக்கான சொற்களைப் பதிவு செய்து, அவன் தட்டியதை அவன் குரலிலேயே சொல்கிற ஒரு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தான். புண்ணியவான், இப்போது உயிரோடு இல்லை. அந்த ப்ரோக்ராம் இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மதர்போர்டில்தான் திறக்கும். போர்டு போனால் மச்சானின் குரலும் போச்சு.

அந்தக் கம்ப்யூட்டருக்கும் வயதாகிவிட்டது. மச்சான் ஒரு ஜோக்கைத் தட்டி முடிப்பான். திரையில் வட்டம் சுற்றும். நாங்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்ட பிறகு அந்த ஜோக் வரும். கரண்ட் போய் வந்தால் இன்னும் மோசம். பாதியில் நின்றுபோனதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். ஒருமுறை என் பெரியப்பா வந்து, எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். கரண்ட் போனது, வந்தது. "மாமா, பெரியவர் எப்பக் கிளம்புவாரு?" என்று மச்சானின் குரல் கணீரென்று கேட்டது. மனுஷர் செருப்பைத் தேடிக்கொண்டு போனவர்தான், அப்புறம் வரவேயில்லை.

சிரிப்பெல்லாம் போன வாரத்தோடு சரி. சளி அடைத்து மச்சானுக்கு மூச்சுத் திணறியது. மணியை அழுத்தினான், ஓடினோம். பதற்றத்தில் அவனைப் படுக்கவைத்துவிட்டோம். முகம் நீலம் பாரித்தது, கண் செருகியது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன பெட்டி சாவகாசமாக, "படுக்க வைக்காதீங்க" என்றது. தூக்கி உட்காரவைத்தோம். பிழைத்தான்.

"அவன் சொல்றது நம்ம காதுல விழறதுக்குள்ள அவன் போயிடுவான்ங்க" என்றாள் அவள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

போர்டைத் தொடாமல், அதில் மூளையாக இருக்கும் பிராசஸர் சில்லை மட்டும் மாற்றலாம், வேகம் கூடும் என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர். அந்தப் போர்டில் பொருந்துகிற ஒன்றைத் தேடிப்பிடித்தும் கொடுத்தார். பெட்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னதற்கு மட்டும் இவள் ஒப்பவில்லை. "தம்பி குரலை ஊரான் கையில கொடுத்துட்டு நான் வாசல்ல உக்காந்திருக்கணுமா? நானே மாட்டறேன்."

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மச்சானைச் சக்கர நாற்காலியோடு மேஜையருகே நிறுத்தினோம். திருப்புளியைப் பார்த்ததும் அவன் விரல்கள் வேகமாகத் தட்டின. திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"தைரியம் இருக்கும்போதே முடிச்சுடணும்" என்று அவள் சுவிட்சை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டாள். மச்சான் செத்த விசைகளையே இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.

"பயமாயிருக்காடா?"

இமை இரண்டு தரம் மூடியது.

"பாருங்க, அக்காவுக்காகப் பொய் சொல்றான்" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நான் டார்ச் பிடித்தேன். விசிறியைக் கழற்றினாள். அதன் கீழே, பிராசஸரின் சூட்டை வாங்கிக்கொள்கிற அலுமினியக் கட்டி அசையவில்லை. இடையில் தடவிய பசை காய்ந்து கல்லாகியிருந்தது. மச்சானின் இமை மூடி மூடித் திறந்தது. இல்லை, இல்லை, இல்லை. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது.

"பாக்காதடா, கண்ணை மூடிக்கோ" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து நேராக இழுத்தாள்.

டக்கென்று வந்தது. கட்டியோடு பிராசஸரும் ஒட்டிக்கொண்டு, சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது. அதன் அடியில் நூற்றுக்கணக்கான ஊசிக்கால்கள். ஒரு மூலையில் அவை சாய்ந்து கிடந்தன.

"ஐயையோ" என்றேன். வேறென்ன சொல்ல?

"அது போகட்டும், புதுசுதான் இருக்கே" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. கெட்டி நூலை இடையில் விட்டு அறுத்து, பழசைப் பிரித்தாள். கட்டியைத் துடைத்து, புதுப் பசை தடவி, புது பிராசஸரை உட்காரவைத்தாள். சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டோம், அப்போதும் கறுப்பு.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அடடா, சொல்ல மறந்துட்டேனே! போர்டுக்குப் புது பிராசஸரை அடையாளம் தெரியணும்னா முதல்ல ஒரு அப்டேட் போடணும் சார். பழசை மாட்டி ஓட வெச்சாத்தான் போட முடியும். பழசு பத்திரமாத்தானே இருக்கு?"

நான் போனைக் கீழே வைத்தேன். அவளுக்குக் கேட்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. மச்சானைப் பார்க்கத் தைரியமில்லாமல் இருவரும் மேஜையையே பார்த்தோம். இனி அவன் குரலைக் கேட்கவே முடியாதோ என்று நினைத்தேன்.

அவள் துணியின் இழை எண்ணுகிற சின்ன பூதக்கண்ணாடியையும், மெல்லிய தையல் ஊசியையும் எடுத்து வந்தாள். "ஒரு கால் ஒடிஞ்சா முடிஞ்சது" என்றாள். மூச்சை அடக்கி, பழைய பிராசஸரின் சாய்ந்த கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். நடுக்கம் வரும்போதெல்லாம் ஊசியை எடுத்துவிட்டு, கையை உதறிவிட்டு, மறுபடி குனிந்தாள். நான் வேண்டாத தெய்வமில்லை. கடைசியில், புதுசைக் கழற்றிய சாக்கெட்டில் பழசு இறங்கியது.

"நீங்க போடுங்க. என்னால முடியாது."

போட்டேன். விசிறி சுற்றியது. கறுப்பு. இன்னும் கறுப்பு. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திரை வெளுத்தது. ப்ரோக்ராம் திறந்தது. வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றியது.

மச்சானின் குரல் வந்தது.

"அக்கா, நேரா இழுக்காத. கொஞ்ச நேரம் ஓட விடு. சூட்டுல பசை இளகும். அப்புறம் திருகி எடு. அக்கா, கேக்குதா?"

அவள் அப்படியே அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "கேக்குதுடா" என்று அவன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "இப்பத்தான்டா கேக்குது."

மச்சானின் விரல்கள் மறுபடி தட்ட ஆரம்பித்தன. திரையில் வட்டம் சுற்றியது. அவளைத் தேற்றலாமென்று நான் வாயைத் திறந்தேன்.

"சும்மா இருங்க" என்றாள். "அவன் பேசிட்டிருக்கான்."